அச்சம் தரும் இசை ஏன் பிடிக்கிறது? சாமக்கொடை முதல் ஹெட்போன் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாமிரபரணிக் கரை ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு, சாமக்கொடை என்னும் நள்ளிரவுத் திருவிழாவில் சுடலை கோயில் பக்கமிருந்து எழும் கொட்டுச் சத்தம் புதியதன்று. அதே ஊர்ப் பிள்ளைகள் இன்று பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதிகளில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அலறலும் உறுமலுமாகப் போகும் மெட்டல் இசையைக் கேட்கிறார்கள். இதையெல்லாம் மனிதன் கேட்பானா என்று பெற்றோர் அலுத்துக்கொள்ள, நீங்கள் கொடையில் விடிய விடிய உட்கார்ந்து கேட்டது மட்டும் என்னவாம் என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்கிறார்கள். இரு தரப்பும் கேட்பது ஒரே கேள்விதான் என்பது என் எண்ணம். அதையொட்டி வழக்கமாக எழும் ஐயங்களுக்கு இங்கே விடை சொல்ல முயன்றிருக்கிறேன்.

அச்சம் தரும் இசை என்று எதைச் சொல்கிறீர்கள்?

அருகில் ஆபத்து எதுவும் இல்லாதபோதும், ஆபத்து வந்துவிட்டதுபோல் உடம்பை நடந்துகொள்ள வைக்கிற இசையைச் சொல்கிறேன். மயிர் சிலிர்க்கும், நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வியர்க்கும், கழுத்து தானாகத் திரும்பிப் பின்னால் பார்க்கும். காவல் தெய்வமான சுடலைமாடனை வரவழைக்க அடிக்கும் வரத்துக் கொட்டும், கணியான் ஆட்டம் என்னும் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற தோற்கருவியும், தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடும் மெட்டலும் இந்த வகைக்குள் அடங்கும். பேய்ப்படத்தில் கதவு திறக்கும்போது வரும் இசையும் இதில் சேரும் என்றாலும், அங்கே பாதி வேலையைப் படமே செய்துவிடுவதால் அதை நான் அதிகம் எடுத்துக்கொள்ளவில்லை.

பயம் யாருக்கும் பிடிக்காத உணர்ச்சி. அதைத் தேடிப் போய்க் கேட்பது ஏன்?

பயத்துக்குள் இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. உடம்பில் கிளம்பும் வேகம் ஒன்று. அடுத்து என்ன வரும், எங்கிருந்து வரும், எப்போது வரும் என்று தெரியாத தவிப்பு மற்றொன்று. நம்மை உண்மையில் வதைப்பது இரண்டாவதுதான். இருட்டில் தனியாக வரப்பில் நடந்து வருகிறவனுக்குப் பின்னால் பனையோலை ஒருமுறை சரசரத்தால் போதும், உயிர் தொண்டைக்கு வந்துவிடும்; ஏனென்றால் அடுத்த சரசரப்பு எப்போது என்று அவனுக்குத் தெரியாது. அதே சரசரப்பு எட்டு எண்ணுக்கு ஒருமுறை தவறாமல் வரத் தொடங்கினால், பத்தாவது தடவை அவன் கால் தாளம் போட்டுவிடும். சத்தம் மாறவில்லை, ஆனால் அது வரும் நேரம் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இசை செய்யும் வேலை இதுதான். பயத்தின் வேகத்தை முழுதாக வைத்துக்கொண்டு, ‘எப்போது’ என்னும் தவிப்பைத் தாளத்தின் கையில் கொடுத்துவிடுகிறது. கொட்டு உச்சத்துக்கு ஏறப் போகிறது என்று ஒருவருக்குத் தெரியும். எந்த அடியில் ஏறும் என்றும் ஏறக்குறைய தெரியும். ஏறும்போது அவர் எதிர்பார்த்தது நடக்கிறது. வேகம் கிடைத்தது, வதை இல்லை. மீதி விடைகளில் நான் சொல்லப் போவதெல்லாம் இந்த ஒரு கருத்தின் கிளைகளே.

மிளகாயை நினைத்துப் பார்ப்பதும் உதவும். நாக்கு எரிகிறது, கண்ணில் நீர் வருகிறது, உடம்பு ‘துப்பு’ என்கிறது. மனம் மட்டும் இது வெறும் எரிச்சல்தான், ஆபத்து இல்லை என்று அறிந்து இன்னொரு வாய் கேட்கிறது. அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், காரமான உணவு, சோகப் பாட்டு, பயமூட்டும் காட்சி, களைப்படையச் செய்யும் உழைப்பு ஆகியவற்றை விரும்புவதை ஒரே குடும்பமாகப் பார்த்து, அதற்குத் தீங்கற்ற தன்வதை என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். உடம்பு ஏமாந்துவிட்டது, நான் ஏமாறவில்லை என்கிற அறிவுதான் அங்கே இன்பம் என்பது அவர்கள் விளக்கம்.

மூளைக்குள் என்னதான் நடக்கிறது?

மூளையின் இரு பக்கங்களிலும் வாதுமைப் பருப்பு அளவில் உள்ள அமிக்டலா என்னும் பகுதி, ஆபத்தை மோப்பம் பிடிப்பதில் முக்கிய வேலை செய்கிறது. இசையிலுள்ள பயத்துக்கும் அது தேவை என்பதற்கு ஒரு நோயாளி சான்று. ஆய்வுலகில் எஸ்.எம். என்ற இரண்டு எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படும் அந்தப் பெண்ணுக்கு, அரிய நோய் ஒன்றால் இரண்டு அமிக்டலாக்களும் அழிந்துபோயின. 2007இல் வெளியான ஆய்வில், மகிழ்ச்சியான இசையை அவர் மற்றவர்களைப் போலவே கண்டுகொண்டார். பயமூட்டும் இசையையும் சோக இசையையும் அடையாளம் காண்பதில் தடுமாறினார். காதில் கோளாறு இல்லை, சுரமும் தாளமும் சரியாகவே விழுந்தன. அச்சம் போய்ச் சேர வேண்டிய இடம்தான் இல்லை.

இன்பத்தின் பக்கத்தில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். ஆன் பிளட், ராபர்ட் சட்டோரே இருவரும் 2001இல், இசை கேட்டு உடல் சிலிர்க்கும் நொடிகளில் உணவும் போதையும் தூண்டுகிற அதே இன்பப் பகுதிகள் மூளையில் கிளர்வதையும், சிலிர்ப்பு மிகமிக அமிக்டலாவின் செயல்பாடு குறைவதையும் கண்டார்கள். 2011இல் வலோரி சலிம்பூரும் அவருடைய குழுவினரும் இன்னும் நுட்பமாக, டோபமைன் என்னும் வேதிப்பொருள் இருவேறு இடங்களில் இருவேறு நேரங்களில் சுரப்பதைக் காட்டினார்கள்: உச்சம் வரப் போகிறது என்று காத்திருக்கும் நொடிகளில் ஓரிடத்தில், உச்சம் வந்த நொடியில் வேறோரிடத்தில். இந்த ஆய்வுகளில் ஒலித்தவை கேட்பவர்கள் தாமே விரும்பிக் கொண்டுவந்த பாட்டுகள், பயமூட்டுவதற்கென்று தேர்ந்தவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், காத்திருப்பே ஓர் இன்பம் என்பது பயமூட்டும் இசைக்கு மற்ற எந்த இசையையும் விட நன்றாகப் பொருந்துகிறது. அதன் சரக்கே காத்திருப்புதானே.

எந்த மாதிரி ஒலி பயமூட்டுகிறது?

முதலில் கரகரப்பு. 2015இல் லூக் அர்னாலும் டேவிட் போப்பெலும் மற்றவர்களும் மனித அலறலை அளந்து பார்த்தபோது, அதன் ஒலியளவு வினாடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்கி நடுங்குவதைக் கண்டார்கள். சாதாரணப் பேச்சில் இந்த ஏற்ற இறக்கம் வினாடிக்கு நாலைந்து தடவைதான். அவசர மணிகளும் அதே கரகரப்பு எல்லைக்குள்தான் ஒலிக்கின்றன. அந்தக் கரகரப்பு கூடக்கூட அமிக்டலாவின் துடிப்பும் கூடியது. மெட்டல் பாடகரின் தொண்டையும், மின் கிதாரின் முறுக்கேறிய இரைச்சலும் வேண்டுமென்றே அந்தக் கரகரப்பைத் தேடிப் போகின்றன.

நம் பக்கத்து உறுமியைக் கவனியுங்கள். இடை சிறுத்த இந்தக் கருவியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். மறுமுகத்தை அடிப்பதில்லை, வளைந்த குச்சியை அதன்மேல் அழுத்தித் தேய்க்கிறார்கள். தோல் விட்டுவிட்டு நடுங்கி, விலங்கின் தொண்டையிலிருந்து வருவதுபோன்ற ஓர் இழுவை கிளம்புகிறது. பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் கரடிகை என்னும் கருவிக்குச் சொல்லும் காரணமும் இதுதான்: கரடி கத்தினாற்போல் ஒலிப்பதால் அந்தப் பெயர். விலங்கின் குரலைத் தோலில் பிடித்து அடைத்து, வேண்டும்போது எடுத்துக் கேட்பது நமக்குப் பழைய வழக்கம் என்று தெரிகிறது.

இரண்டாவது, திடீர் மாற்றம். விலங்குகள் பேரச்சத்தில் கத்தும்போது குரல் அதன் எல்லையை மீறி உடைகிறது, சட்டென மேலோ கீழோ தாவுகிறது. அமெரிக்காவில் மார்மட் என்னும் மலை அணில்களின் கத்தலை ஆராய்ந்த டேனியல் புளூம்ஸ்டைன், அதே உடைசல்களை இசையில் சேர்த்தால் கேட்பவர்களுக்குக் கிளர்ச்சி கூடுவதைப் பிறகு காட்டினார். ஆனால் 2012இல் அவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் சுவையான ஒரு திருப்பம் உண்டு. அதே இசையை, ஒன்றும் நடக்காத சாதாரணக் காட்சி ஒன்றுடன் சேர்த்துக் காட்டியபோது அந்தக் கூடுதல் கிளர்ச்சி அடங்கிப்போனது. கண் சொல்லும் சாட்சி காதின் பயத்தைத் தணித்துவிடுகிறது. பகலில் பழகிப் பார்க்க அடிக்கும் மகுடத்தை அருகில் நின்று கேட்டவர்களுக்கு இது தெரிந்ததே. அதே மகுடம் சாமத்தில் தீவட்டி வெளிச்சத்தில் வேறாகிவிடும்.

தாழ்ந்த ஒலியும் உண்டு. பெரிய உடம்புக்குத்தான் தாழ்ந்த குரல் இருக்கும் என்று நம் காது எடுத்துக்கொள்கிறது. வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் தட்டையான மட்டையால் அடிக்கும்போது உள்ளிருந்து எழும் ‘கும்’ என்ற ஓசை, காதில் விழுவதற்கு முன்பே வயிற்றில் விழுவதுபோல் இருக்கும்.

சில சுரங்கள் இயல்பிலேயே பயங்கரமானவை என்கிறார்களே?

ஐரோப்பிய இசையில் மூன்று முழுச்சுர இடைவெளி ஒன்றைச் சாத்தானின் சுரம் என்று சொல்லும் வழக்கம் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காமில் தோன்றிய பிளாக் சப்பாத் குழு 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியிட்ட முதல் இசைத்தட்டே அந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது. மெட்டல் அதைத் தன் முத்திரையாகவே வைத்துக்கொண்டது.

ஆனால் அந்த இடைவெளி நம் காதுக்கு அந்நியமானதன்று. கர்நாடக இசையில் ‘ச’ என்னும் சட்ஜத்துக்கும், ‘ம’வின் உயர்ந்த வடிவமான பிரதிமத்தியமத்துக்கும் இடையே இருப்பது அதுதான். கல்யாணி ராகத்தில் அது தவறாமல் வருகிறது. கல்யாணி கேட்டுக் கல்யாண வீட்டில் யாரும் பயந்து ஓடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே, சுரத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது. எந்தச் சுரம் பயம் என்பதில் பெரும்பங்கைப் பழக்கம் முடிவு செய்கிறது.

பெரும்பங்கு என்றேன், முழுவதும் என்று சொல்லவில்லை. தாமஸ் ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், கேமரூன் நாட்டு மலைப்பகுதியில் மேலை இசையை அதுவரை கேட்டிராத மாஃபா மக்களுக்கு அதை ஒலிக்கவிட்டார். மகிழ்ச்சி, சோகம், அச்சம் ஆகிய மூன்றையும் அவர்கள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடத் தெளிவாகவே கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள் என்று 2009இல் வெளியான அவருடைய ஆய்வு காட்டுகிறது. வேகம், உரப்பு, கரகரப்பு ஆகியவை எல்லா மனிதருக்கும் பொது. அவற்றின் மேல் உடுத்தும் சுர ஆடை ஊருக்கு ஊர் வேறு என்று கொள்வது பொருத்தம்.

சாமக்கொடையில் கொட்டு அவ்வளவு பயமுறுத்தியும் கூட்டம் கலையாமல் இருப்பது ஏன்?

இதற்கு நான் கண்டதைச் சொல்வதே நேரான விடை. எங்கள் ஊர்ச் சுடலை கோயில் கொடையில் மாலையிலிருந்தே வில்லுப்பாட்டு நடக்கும். பாட்டை நடத்தும் தலைமைப் பாடகரான அண்ணாவி காப்புப் பாடி, அவையடக்கம் சொல்லி, கதையைத் தொடங்குவார். வீசுகோல் நாணில் விழ, வில்லில் கட்டிய மணிகள் சிலும்ப, உடுக்கையும் தாளமும் குடமும் கூட வரும். கயிலாயத்தில் விளக்குச் சுடரிலிருந்து பிறந்த பிள்ளை, பால் போதாமல் நள்ளிரவில் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்று வருவதையும், உடம்பில் ஒட்டிய பிணவாடை அவனைக் காட்டிக்கொடுப்பதையும் அண்ணாவி பாடும்போது சிறுவர்களாகிய நாங்கள் பாயில் நெருங்கி நெருங்கி உட்காருவோம். கதை எங்களுக்கு மனப்பாடம். ஆண்டுதோறும் அதே பிணவாடைதான். ஆனாலும் அந்த இடம் வருவதற்கு முன் வயிறு இறுகும். வந்த பின் தளரும்.

சாமம் ஏறியதும் சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டு. மேளமும் வில்லும் சேர்ந்துகொள்ளும், அடி நெருங்கும், பெண்கள் குலவை போடுவார்கள், சாமியாடும் கோமரத்தாடிக்கு முதலில் தோள் நடுங்கும். எந்த நொடியில் சாமி வரும் என்று சொல்ல முடியாது என்றாலும், எந்தப் பாட்டுக்குள் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சல்லடம் என்னும் அரைக்கால்சட்டையும் குல்லாவுமாக அவர் எழுந்து, வல்லயம் என்னும் ஈட்டியையும் தீவட்டியையும் பிடித்துக்கொண்டு, சுடுகாட்டுக்குப் போய்வரும் மயான வேட்டைக்குப் புறப்படும்போது யாரும் குறுக்கே நிற்கக் கூடாது.

அவர் இருட்டுக்குள் போனதும் எங்கள் ஊரில் கொட்டை நிறுத்திவிடுவார்கள். நான் சிறுவயதில் உண்மையாகவே பயந்தது அந்த நேரத்தில்தான். அதுவரை காதைப் பிளந்த உறுமியும் தவிலும் என்னைப் பயமுறுத்தவில்லை, பயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன என்பது அவை நின்றபோதுதான் தெரிந்தது. நாய் ஒன்று குரைத்தால்கூட ஊரே திரும்பிப் பார்க்கும். ஐந்து நிமிடமா அரை மணியா என்று எண்ணத் தாளம் இல்லை. பிறகு தூரத்தில் தீவட்டி ஆடுவது தெரியும், மேளக்காரர் ஓங்கி ஓர் அடி கொடுப்பார், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுவார்கள். கூட்டம் காத்திருப்பது அந்த மூச்சுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் விடக் கூடாது. கொடையில் பயத்துக்குத் திரும்பி வரும் வழி முன்கூட்டியே வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வேட்டை முடிந்தால் திருநீறு, குறி கேட்பது, சாமிக்குப் படைத்த படப்புச் சோறு, கடைசியில் ஊரையும் மழையையும் மக்களையும் வாழ்த்தி வாழி பாடுவது. பயந்த உடம்போடு யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஊர் முழுவதும் பக்கத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. இது பக்தி, இதில் இசை ரசனையைக் கலக்காதீர்கள் என்று சிலர் சொல்வதுண்டு. பக்தியை நான் மறுக்கவில்லை. ஆனால் நல்ல அண்ணாவிக்கும் சுமாரான அண்ணாவிக்கும் உள்ள வேறுபாட்டை நம் கிழவிகள் எவ்வளவு கறாராகச் சொல்வார்கள் என்பதைக் கேட்டவர்கள், அங்கே ரசனை இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

அந்தக் கதைகளில் ஏன் இத்தனை கொலை, இத்தனை சாவு?

நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கங்களில் வில்லில் பாடப்படும் தெய்வங்கள் இரு வகை. சுடலையைப் போலக் கயிலாயத்தில் பிறந்து வந்தவை ஒரு வகை. மனிதராய் வாழ்ந்து, அநியாயமாகச் செத்து, தெய்வமானவை மற்றொரு வகை. வெட்டுப்பட்டவர்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்கள், பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்தவர்கள் என்று அந்த வரிசை நீளும்.

காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக நிற்பவன் முத்துப்பட்டன். பிராமணனாகப் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியர் குலத்து அக்கா தங்கைமேல் ஆசைவைத்து, குடுமியையும் பூணூலையும் துறந்து, செருப்புத் தைக்கக் கற்று, மாமனார் வாலப்பகடையின் மாடுகளைக் காக்கப் போய்க் கள்வர் கையால் செத்தவன் என்பது கதை. நாங்குநேரியில் பிறந்த ஆய்வாளர் நா. வானமாமலை (1917-1980) இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார். மதுரைப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. பகலில் தெருவில் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றை, சாதி கடந்த ஒரு மணத்தையும் அதற்கு வந்த விலையையும், இரவில் கொட்டோடு சேர்த்து ஊர்நடுவே பாடுகிறார்கள். அந்த இசை அச்சமூட்டுவதாக இருப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சாந்தமாகப் பாடினால் அவன் செத்தது சரியே என்று ஆகிவிடும்.

சோகப் பாட்டும் பயமூட்டும் பாட்டும் ஒன்றா?

அண்டை வீடுகள்; நடுச்சுவரில் கதவும் உண்டு, ஆனால் ஒரே வீடில்லை. சோகம் நடந்து முடிந்ததைப் பற்றியது, பயம் வரப்போவதைப் பற்றியது. லிலா தருஃபி, ஸ்டெஃபான் கோல்ஷ் இருவரும் 2014இல் 772 பேரிடம் கேட்டபோது, சோக இசை தங்களுக்குத் தரும் உணர்ச்சியாக அதிகம் பேர் சொன்னது சோகத்தை அல்ல, பழைய நினைவின் ஏக்கத்தை. பயமூட்டும் இசைக்கு நினைவு வேண்டியதில்லை. அது இந்த நொடியிலேயே வேலை செய்கிறது. அதனால்தான் ஒப்பாரியைக் கேட்டு அழுகிறவர்கள் உட்கார்ந்து அழுகிறார்கள், வரத்துக் கொட்டைக் கேட்டவர்கள் எழுந்து ஆடுகிறார்கள்.

பழந்தமிழில் இதைப் பற்றி ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தை வைத்து, அதற்கு நான்கு காரணங்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தெய்வமும் பேயும், காட்டு மிருகம், கொள்ளைக்காரர், ஆளும் அரசன். இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு நம் கதைப்பாடல்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சுடலையும் இசக்கியும் அணங்கு. உறுமியின் குரல் விலங்கு. முத்துப்பட்டனைக் கொன்றவர்கள் கள்வர். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனைப் பற்றி ஊர்கள் பாடிய பாட்டுகளில் இருக்கும் அச்சம் நாலாவது வகை. சூத்திரம் எழுதியவர் நெல்லைச் சீமைக்கு வந்து கொடை பார்த்துவிட்டுப் போனாரோ என்று வேடிக்கையாக நினைத்துக்கொள்வதுண்டு.

பாலை நிலத்துக்குத் துடியைப் பறையாக வைத்தார்கள். வழிப்பறிக்கும் ஆநிரை கவர்வதற்கும் அடித்த கருவி அது. காரைக்கால் அம்மையாரோ இன்னும் ஒருபடி மேலே போனார். தம்மைப் பேயாகவே சொல்லிக்கொண்டு, திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் பேய்களுக்கு நடுவே இறைவன் ஆடுவதைப் பதிகமாகப் பாடினார். எரியும் பிணமும் வற்றிய முலையும் வரும் அதே பதிகத்தில், துத்தம், கைக்கிளை, விளரி, தாரம், உழை, இளி, ஓசை என ஏழு சுரங்களின் பெயரும், சச்சரி, கொக்கரை, தக்கை, கரடிகை, தமருகம், குடமுழா, மொந்தை என்று கருவிகளின் பெயரும் ஒரே மூச்சில் வருகின்றன. சுடுகாட்டைப் பாடிய அந்த இடத்தில்தான் தமிழிசையின் ஏழு சுரமும் வரிசையாக நிற்கின்றன. அவர் கண்ட திருவாலங்காடு இரத்தின சபை. நெல்லையப்பர் கோயிலில் இருப்பது தாமிர சபை. இரண்டும் சிவன் ஆடியதாகச் சொல்லும் ஐந்து சபைகளுள் அடங்கும். நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்கப் போகிறவர்கள் அந்தப் பக்கமும் சற்று நின்றுவிட்டு வரலாம்.

மகன் நாள் முழுவதும் மெட்டல் கேட்கிறான். கெட்டுப் போய்விடுவானா?

கேட்பதனால் மட்டும் கெட்டுப் போவதற்குச் சான்று இல்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் லியா ஷர்மன், ஜெனவீவ் டிங்கிள் இருவரும் 18 முதல் 34 வயது வரையுள்ள 39 மெட்டல் ரசிகர்களை முதலில் வேண்டுமென்றே கோபப்படுத்திவிட்டு, பிறகு அவர்கள் விரும்பிய இசையைக் கேட்க வைத்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி அந்த இசை கோபத்தைக் கூட்டவில்லை, உற்சாகத்தைத்தான் கூட்டியது. சிட்னியின் மக்வாரி பல்கலைக்கழகக் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், வன்முறை வரிகளைக் கொண்ட இசையின் ரசிகர்கள் 32 பேரையும் மற்றவர்கள் 48 பேரையும் எடுத்து, ஒரு கண்ணுக்கு வன்முறைப் படமும் மறு கண்ணுக்குச் சாதாரணப் படமும் காட்டினார்கள். பிறர் துன்பம் கண்டு மரத்துப்போனவர்களாக இருந்தால் வன்முறைப் படம் ரசிகர்கள் கண்ணில் குறைவாகவே பட்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை, மற்றவர்களைப் போலவே அவர்கள் மனமும் அந்தப் படத்தின்மேல் போய் நின்றது. வேறோர் ஆய்வில், இந்த இசை தரும் உணர்ச்சிகளாக ரசிகர்கள் சொன்னவை வலிமை, மகிழ்ச்சி, அமைதி. அமைதி என்ற சொல்லைக் கண்டு சிரிக்க வேண்டாம். கொடை முடிந்த மறுநாள் காலையில் ஊர் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த இசை பிறந்த இடத்தையும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சு வளரும். பிளாக் சப்பாத்தின் கிதார்க்காரர் டோனி அயோமி, 17 வயதில் தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர். விரலுக்குக் குல்லாய் செய்து போட்டுக்கொண்டு வாசித்தார்; தந்தியை இழுக்க எளிதாக இருக்கட்டும் என்று பின்னாளில் அதைத் தளர்த்திக் கட்டினார். அந்தத் தளர்த்தலால் ஒலி தாழ்ந்து கனத்தது. உலகம் பயங்கரம் என்று வியந்த ஒலியில் பாதி, ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்து வந்தது.

பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், நண்பர்களைத் தவிர்த்து ஒதுங்கியிருந்தால் அது வேறு. அப்போது பார்க்க வேண்டியது பிள்ளையை, பாட்டையல்ல.

எனக்கு இந்த வகை இசை சுத்தமாகப் பிடிக்கவில்லை. குறை என்னிடமா?

இல்லை. காரம் தின்ன மாட்டாதவர்கள் இல்லையா, அதுபோலத்தான். சிலருக்கு உடம்பின் வேகம் அடங்க நேரமாகும். சிலர் அண்மையில் ஒரு சாவைப் பார்த்திருப்பார்கள். விபத்திலோ சண்டையிலோ உண்மையான அலறலைக் கேட்டவர்களுக்கு அதன் சாயல்கூட வேதனை. தாளம் பயத்தைத் தாங்கும் என்றேன். எல்லாப் பயத்தையும் தாங்கும் என்று சொல்லவில்லை.

சிறு குழந்தைகளைச் சாமக்கொடைக்கு அழைத்துப் போகலாமா?

மடியில் உட்கார வைத்து, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டே வந்தால் பெரும்பாலான குழந்தைகள் தாங்கிக்கொள்கிறார்கள். ‘இப்போது சாமி வேட்டைக்குப் போகும், பிறகு திரும்பி வரும், நமக்குத் திருநீறு தரும்’ என்று என் ஆச்சி எனக்குக் காதில் சொன்னாள். எப்போது என்பதை அவள் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். கணியான் ஆட்டத்தில் கையைக் கீறி இரத்தம் கொடுக்கும் கைவெட்டுச் சடங்கைச் சிறுவர்களுக்குக் காட்டாமலிருப்பது நல்லது. ஒலிபெருக்கிக்கு முன்னால் கைக்குழந்தையோடு உட்காரவே வேண்டாம்.

இரவில் தனியாக ஹெட்போனில் கேட்டால் பிறகு தூக்கம் வருவதில்லை. என்ன செய்வது?

கொடையில் கடைசியில் வாழி பாடுகிறார்களே, அதை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். பயமூட்டும் பாட்டோடு கருவியை அணைத்துவிட்டுப் படுக்காமல், வேகம் குறைந்த, நன்றாகத் தெரிந்த இரண்டு பாட்டைக் கேட்டுவிட்டு அணையுங்கள். அளவும் முக்கியம்: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்றும், சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்றும் எல்லை சொல்கிறது. மெட்டலை மெதுவாகக் கேட்டால் மெட்டலே இல்லை என்பார்கள். செவி போனால் அதுவும் இல்லை.

இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கிறார்கள். சாமக்கொடையின் அச்சமே போய்விடாதா?

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. விழா நாட்களில், ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். சாமக்கொடையோ பன்னிரண்டுக்கு மேல்தான் சூடு பிடிக்கும் என்பதால் ஊருக்கு ஊர் மனத்தாங்கல் இருக்கத்தான் செய்கிறது.

ஒலிபெருக்கி வருவதற்கு முன்பும் இந்தக் கொட்டு பயமூட்டிக்கொண்டுதான் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் கதை நடந்துகொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியை அணைக்க வேண்டி வந்தது. இளைஞர்கள் முணுமுணுத்தார்கள். அண்ணாவி ஒன்றும் சொல்லவில்லை. மைக்கை ஓரமாக வைத்துவிட்டு, விட்ட அடியிலிருந்தே எடுத்துப் பாடினார். அதுவரை கூம்புக் குழாயின் இரைச்சலில் அமுங்கிக் கிடந்த குடத்தின் ‘கும்’ அப்போதுதான் எல்லோர் காதிலும் விழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னால் நெருங்கி வந்தார்கள்.